கரண்ட் வண்டிக்கு எந்த நேரத்துக் கரண்ட்?

கேள்வி இதுதான். தங்கச்சிமடத்தில் இருப்பவர் ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறார். அவருடைய அண்ணன் டீசல் ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு மின் ஆட்டோ எடுக்கலாமா என்று யோசிக்கிறார். வீட்டில் இரண்டு கட்சி. "எல்லாக் கரண்டும் தூத்துக்குடி நிலக்கரிதான், புகை இங்கிருந்து அங்கே மாறுது, அவ்வளவுதான்" என்பது ஒரு கட்சி. "நம்ம மாவட்டத்துலயே கமுதியில இம்மாம் பெரிய சோலார் இருக்கு, நமக்கு வர்றது சுத்தமான கரண்ட்" என்பது இன்னொன்று. எது சரி, எப்போது சார்ஜ் போட்டால் நல்லது என்று கேட்கிறார்.

இரண்டுமே பாதி உண்மை. கமுதி நிலையம் 648 மெகாவாட், 2016இல் ஓடத் தொடங்கியது. தூத்துக்குடியில் மாநில அரசின் அனல்மின் நிலையம் 210 மெகாவாட்டில் ஐந்து அலகு, பக்கத்திலேயே மத்திய அரசுக் கூட்டு நிறுவனத்தின் 500 மெகாவாட் அலகு இரண்டு. ராமநாதபுரத்துக்கு அருகே வழுதூரில், இந்த மாவட்டத்திலேயே எடுக்கிற எரிவாயுவில் ஓடும் 187 மெகாவாட் நிலையமும் உண்டு. இவை எல்லாம் ஒரே வலைப்பின்னலில் தள்ளுகின்றன. 2013 டிசம்பர் 31 முதல் தென்மாநில மின்தொகுப்பும் நாட்டின் மற்ற தொகுப்புகளும் ஒன்றாகவே ஓடுகின்றன. சத்தீஸ்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் தடமே இருக்கிறது. ஆகவே உங்கள் பிளக்கில் வருவது கமுதிக் கரண்டா தூத்துக்குடிக் கரண்டா என்று பிரிக்க முடியாது; பக்கத்தில் இருப்பதால் சலுகையும் கிடையாது. கேட்க வேண்டியது வேறு: நீங்கள் சுவிட்சைப் போட்ட அந்த நிமிடம், கூடுதலாகத் தேவைப்படும் யூனிட்டுக்காக எங்கே, எந்த நிலையம் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது?

அதற்கு முன் சராசரிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். இந்தியத் தொகுப்பின் சராசரி, மத்திய மின்சார ஆணையக் கணக்கின்படி யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயுவுக்குச் சற்று மேல். 0.72 என்று எடுத்துக்கொள்கிறேன். நிலக்கரி மட்டும் என்றால் நிலையத்தின் வயதைப் பொறுத்து 0.9 முதல் 1.0 கிலோ, மோசமான பக்கமாக 1.0 என்றே வைப்போம். கம்பியில் வீணாவது தோராயமாக 12 விழுக்காடு. பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ. எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, நிலக்கரி தோண்டுவது, கப்பலில் கொண்டுவருவது எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறேன்.

ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து சுமார் 3.5 யூனிட் எடுக்கும், சார்ஜர் இழப்பையும் சேர்த்து. மின் நிலையத்தில் அது 4 யூனிட். சராசரித் தொகுப்பில் 2.9 கிலோ, முழுக்க முழுக்க நிலக்கரி என்றாலும் 4 கிலோ. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 5.1 கிலோ விடுகிறது. ஆகத் தம்பிக்குப் பதில் எளிது: எந்த நேரத்தில் போட்டாலும் மின்சார ஸ்கூட்டர் தோற்காது. நேரம் பார்த்துப் போட்டால் வெற்றி பெரிதாகும், அவ்வளவுதான்.

ஷேர் ஆட்டோவில் கொஞ்சம் கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரி போட்ட மின் ஆட்டோ 100 கிலோமீட்டருக்கு 6.5 யூனிட் அளவில் எடுத்தால், நிலையத்தில் 7.4, சராசரியில் 5.3 கிலோ, நிலக்கரியில் 7.4 கிலோ. லிட்டருக்கு 30 ஓடும் டீசல் ஆட்டோ 9 கிலோ. இங்கும் மின்சாரம் முந்துகிறது. ஆனால் விலை குறைவு என்று லெட் ஆசிட் பேட்டரி வண்டியைத் தலையில் கட்டுவார்கள். அதில் ஏற்றும் கரண்டில் நான்கில் ஒரு பங்குக்குமேல் சூடாகவே போகும், தண்ணீர் ஊற்றாமல் விட்டால் இன்னும் மோசம். அதே வேலைக்கு 8 யூனிட்டுக்குமேல் இழுத்தால், இரவு நிலக்கரிக் கரண்டில் டீசலும் அதுவும் ஏறக்குறைய சமம். கூடவே ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி செட்டையே மாற்ற வேண்டிவரும். ஆட்டோவுக்கு லெட் ஆசிட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காரில்தான் உண்மையான சிக்கல். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் ஸ்கூட்டரின் கணக்கைக் காட்டிக் காரை விற்கின்றன. நடுத்தர மின்சாரக் கார் சுவரிலிருந்து 15 யூனிட், நிலையத்தில் 17. சராசரியில் 12.3 கிலோ, நிலக்கரி நேரத்தில் 17 கிலோ. லிட்டருக்கு 16 தரும் பெட்ரோல் கார் 14.4 கிலோ. தினமும் மாலை ஏழு மணிக்கு மட்டுமே சார்ஜ் போடும் மின்சாரக் கார், கரியமில வாயுவைப் பொறுத்தவரை பெட்ரோல் காரைவிட மோசமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதே காரைப் பகல் பன்னிரண்டுக்குப் போட்டால் கதையே வேறு. ஆக வண்டி பெரிதாகப் பெரிதாக, நேரத்தின் மதிப்பு கூடுகிறது.

இப்போது அந்தக் 'கடைசி யூனிட்' விஷயம். கூடங்குளத்தின் இரண்டு 1000 மெகாவாட் உலைகள் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஸ்கூட்டரைச் செருகியதற்காக அவை கூடுதலாக ஓடாது. கமுதியும் கூடுதலாகத் தராது, வெயில் எவ்வளவோ அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிக் காற்றாலையும் அப்படியே. தேவை ஏறும்போது ஏற்றி இறக்க முடிகிறவை நிலக்கரி, கொஞ்சம் எரிவாயு, அணைகளில் தண்ணீர் இருந்தால் நீர்மின்சாரம், சந்தையில் வாங்குவது. பெரும்பாலான நேரம் அந்தப் பாரம் நிலக்கரி அலகில்தான் விழும். "மதியம் சார்ஜ் போட்டால் நேரடியாகச் சூரியக் கரண்ட்" என்று சொல்வது அதனால் சரியில்லை. மதியமும் நிலக்கரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனாலும் மதியம்தான் நல்லது, காரணம் வேறு. பகலில் சோலார் ஏற ஏற நிலக்கரி அலகுகளைக் கீழே அமுக்குவார்கள். அணைத்துவிட்டு மாலையில் மறுபடி கொளுத்த முடியாது. குளிர்ந்த கொதிகலனைச் சூடாக்கி எடுக்க மணிக்கணக்காகும், அதற்குத் தனியாக எண்ணெய் எரிக்க வேண்டும். அதனால் 55 விழுக்காட்டு அளவுக்கு இறக்கி ஓட்டுகிறார்கள். அப்படிப் பாதிப் பளுவில் ஓடும் அலகு யூனிட்டுக்குக் கூடுதல் நிலக்கரி தின்னும். அதற்குக் கீழேயும் இறக்க முடியாத நேரம் வந்தால் காற்றாலையையோ சோலாரையோ நிறுத்தச் சொல்வார்கள். 'பேக் டவுன்' என்று காற்றாலைக்காரர்கள் புலம்புவது இதைத்தான். அந்த நேரத்தில் நீங்கள் இழுக்கும் யூனிட், வீணாகப் போயிருக்க வேண்டிய யூனிட். அதற்குக் கூடுதல் புகையே கிடையாது. அந்த அளவுக்கு உபரி இல்லாத நாளிலும், அமுங்கிக் கிடக்கும் அலகைக் கொஞ்சம் மேலே தூக்கினால் அது திறமையாக ஓடும். மாலையில் அதே அலகு அவசர அவசரமாக ஏற வேண்டிய உயரமும் குறைகிறது.

மாலை ஆறு முதல் பத்து வரை இதற்கு நேர் எதிர். கமுதி ஆறரைக்குள் பூஜ்ஜியம். ஊரெல்லாம் விளக்கு, மின்விசிறி, ஏசி, மிக்ஸி. இந்த நாலு மணி நேரத்தில் பழைய அலகு, விலை கூடிய சந்தைக் கரண்ட் எல்லாம் களத்தில் இறங்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் செருகுவது எல்லாருக்கும் இயல்பு, ஆனால் அதைவிட மோசமான நேரம் இல்லை. 10,000 ஸ்கூட்டர் ஒரே சமயத்தில் 750 வாட் இழுத்தால் 7.5 மெகாவாட். மாநிலக் கணக்கில் அது தூசு. தெருவில் அப்படி இல்லை. 63 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் இருபது வீடு மாலை ஏழுக்கு ஸ்கூட்டர் போட்டால் 15 கிலோவாட் கூடும். தடத்தின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மின்விசிறி சுற்றுவது கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு மெதுவாகும். லோ வோல்டேஜில் கம்பி இழப்பும் கூடும். நான் மேலே போட்ட 12 விழுக்காடு அந்தத் தெருவில் அந்த நேரத்துக்குப் பொருந்தாது.

மதியம் முடியாது, இரவுதான் என்றால் பதினொன்றுக்குமேல் போடுங்கள். நிலக்கரிதான், ஆனால் தெருவில் நெரிசல் இல்லை, பழைய அலகுகளை இழுக்க வேண்டியதில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், வைகாசி முதல் புரட்டாசி வரை, இரவும் நல்ல நேரமே. கடலில் வள்ளத்தை இறக்க விடாத அதே காற்றுதான் தென்மாவட்டங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்குமேல் காற்றாலை நிறுவியிருக்கிறார்கள், அதில் வருடத்தின் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களில் வந்துவிடும். நம் கடலோரத்துக்கு இதில் இன்னொரு வசதி: தென்மேற்குப் பருவம் இங்கே மழையாக வருவதில்லை, காற்று அடிக்கும், வெயிலும் காயும். வாடை தொடங்கிவிட்டால் இரண்டும் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மேகமூட்டம், காற்றாலை நின்றிருக்கும். அந்த மாதங்களில் நேரம் பார்ப்பதால் கிடைக்கும் பயன் குறைவு. மாலையைத் தவிர்த்தால் போதும்.

கச்சானுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடி ரோட்டிலும் எதிர்க்காற்றில் போகும் ஸ்கூட்டர் 3.5 யூனிட் கணக்கில் நிற்காது. நாலரை, ஐந்து என்று ஏறும். திரும்பும்போது காற்று தள்ளினாலும் போனது முழுதாகத் திரும்பாது. வேகத்தை 45லிருந்து 35க்குக் குறைப்பதுதான் ஒரே வழி.

யாருக்கு மதியம் சார்ஜ் ஒத்துவரும் என்று பார்த்தால், இந்தக் கடற்கரையில் பலருக்கு ஒத்துவரும். விடியலில் ஏலக்கூடத்தில் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி உச்சிப்புளி, ராமநாதபுரம் என்று விற்றுவிட்டு வருகிறவர் பத்து, பதினொரு மணிக்கு வீடு திரும்பிவிடுகிறார். அவர் வண்டி மதியம் முழுக்கச் சும்மா நிற்கிறது. ராமேஸ்வரம் ஷேர் ஆட்டோவுக்கும் காலை தீர்த்தமாடும் கூட்டம் ஓய்ந்து, கோயில் நடை சாத்திய பிறகு மூன்று மணி வரை சவாரி மெலிவு. ஒன்றிலிருந்து மூன்று வரை 3 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 5 யூனிட்டுக்குமேல் ஏறும், 80 கிலோமீட்டர் ஓடும். ஆபீஸ் போகிறவருக்கு வேலையிடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு வாங்குவதுதான் வழி. ஒரு ஸ்கூட்டருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட். முதலாளிக்குப் பெரிய சுமை இல்லை. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு ஒன்றிய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் காலை 9 முதல் மாலை 4 வரை விலையைக் குறைக்கவும் மற்ற நேரத்தில் கூட்டவும் சொல்கிறது, காரணம் மேலே சொன்னதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது. சார்ஜ் நேரத்தை வண்டியின் ஆப்பிலேயே வைக்க முடிந்தால் வேறெதுவும் வேண்டாம். இல்லையென்றால் 16 ஆம்பியர் டைமர் ஒன்றைப் பிளக் பாயிண்ட்டுக்கு முன்னால் போடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் மணியை மறக்காத, உள்ளே பேட்டரி இருக்கிற வகை. 750 வாட் சார்ஜர் மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண வயரிங் தாங்கும். 3 கிலோவாட் ஆட்டோ, கார் சார்ஜருக்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி (பளு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) வேண்டும். சமையலறைப் பாயிண்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்துப் போடுவதால் வருகிற கோளாறுதான் அதிகம்: 13 ஆம்பியரை மணிக்கணக்காகத் தாங்க அவை செய்யப்படவில்லை. பின் சூடாகி, ஸ்பிரிங் தளர்ந்து, மேலும் சூடாகி உருகும்.

கடலோரத்தில் இது சீக்கிரம் நடக்கும். உப்புக்காற்றில் பித்தளைப் பின்னில் பச்சை படியும். தொடுமிடத்தில் தடை ஏறும். அரை மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே சாக்கெட்டை மாற்றுங்கள். மூடி போட்ட, தொழிற்சாலை வகை நீலநிற சாக்கெட் சில நூறு ரூபாய் கூடுதல், ஆனால் அதுதான் நிற்கும். எர்த் குழிக்கு ஜிஐ பைப் போட்டால் சில வருடத்தில் அரித்துவிடும், செம்பு பூசிய ராடு போடுங்கள். மணல் பூமியில் கோடையில் எர்த் வறண்டு வேலை செய்யாது என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மதியச் சார்ஜில் ஒரு எச்சரிக்கை: வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே செருக வேண்டாம். அரை மணி நிழலில் ஆறட்டும். பேட்டரி சூடாக இருந்தால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியே சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும், ஆயுளும் தேயும். தகரக் கொட்டகை அடுப்பு மாதிரி. கீற்றுக் கொட்டகை குளிர்ச்சிதான், ஆனால் அதன் கீழே சார்ஜ் போடவே கூடாது; ஒரு பொறி போதும். ஓட்டு வீட்டுத் திண்ணை, சுவர் நிழல் நல்லது.

கரண்ட் பில் பற்றி ஒரு வரி: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் கூட்டும். ஏற்கெனவே 450ஐ ஒட்டி எரிக்கிற வீடு என்றால் 500ஐத் தாண்டிவிடும், தாண்டினால் கீழ் அடுக்கின் கட்டணமும் மாறிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரை சோலார் போடலாமா என்பது அடுத்த கேள்வியாக வரும். இந்தக் கரையில் 1 கிலோவாட் பலகை ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்குமேலும் 78,000 ரூபாய் மானியம். பலகையைப் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் ஊர் நிலத்தடி நீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து கண்ணாடியை மறைக்கும், அலுமினியச் சட்டத்தையும் அரிக்கும். குடிதண்ணீரோ சேர்த்துவைத்த மழைநீரோ ஒரு குடம் போதும், விடியலில் பனி ஈரத்தோடு துடைத்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

ஆனால் நெட் மீட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மதியம் ஈபிக்கு 6 யூனிட் அனுப்பினேன், இரவு எட்டுக்கு 3 யூனிட் எடுத்து வண்டிக்குப் போட்டேன், ஆக என் வண்டி சூரியனில் ஓடுகிறது என்பார்கள். பில்லில் சரி. புகையில் சரியில்லை. மதியம் அனுப்பியது எங்கோ நிலக்கரியைக் குறைத்திருக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் புண்ணியம் கூரையினுடையது, வண்டி வாங்காமலே இருந்தாலும் கிடைத்திருக்கும். வண்டிக்காகக் கூடுதலாக எரிந்தது இரவு எட்டு மணி நிலக்கரி. கூரையில் சோலார் இருந்தாலும் வண்டியை மதியமே போடுங்கள். கரண்ட் போனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கம்பியில் வேலை செய்கிற ஊழியரின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், வெயில் காய்ந்தாலும் சார்ஜ் ஏறாது.

பேட்டரி செய்வதிலேயே புகை போய்விடுகிறதே என்கிற வாதத்துக்கும் கணக்கு இருக்கிறது. பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும், அதாவது ஒவ்வொரு யூனிட்டுக்கும், 60 முதல் 100 கிலோ கரியமில வாயு. ஸ்கூட்டரின் 3 கிலோவாட் மணிப் பேட்டரிக்கு அதிகபட்சம் 300 கிலோ. சராசரித் தொகுப்பில் 100 கிலோமீட்டருக்கு 2.2 கிலோ மிச்சம் என்றால் 14,000 கிலோமீட்டரில் அந்தக் கடன் தீரும். மதியமாகப் பார்த்துப் போட்டால் அதற்கும் முன்னதாக. ஷேர் ஆட்டோ ஓட்டம் அதிகம் என்பதால் அங்கே மாதக்கணக்கில் முடிந்துவிடும். சனிக்கிழமை மட்டும் மதுரைக்குப் போய்வர 40 கிலோவாட் மணிக் கார் வாங்கி நிறுத்திவைப்பவருக்கு அந்த 2.4 முதல் 4 டன் வரையிலான கடன் லேசில் தீராது.

"புகை இடம் மாறுது" என்ற முதல் கட்சியின் வாதத்தில் ஒன்றை மறுக்க மாட்டேன். ராமேஸ்வரம் ரத வீதியில் டீசல் புகை குறையும், தூத்துக்குடியில் கந்தகமும் சாம்பலும் கொஞ்சம் கூடும். கரியமில வாயு எங்கே விட்டாலும் ஒன்றுதான், மற்றவை அப்படியல்ல. அங்கே புகைபோக்கிக்குக் கீழே இருப்பவர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் மாலை நேரத்தை விட்டுக்கொடுப்பதே நல்லது.

கடைசியாக லாட்ஜ் பார்க்கிங்கில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஓடும், உங்கள் சார்ஜரும் அதிலேயே தொடரும். சின்ன டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு இரண்டரை, மூன்று யூனிட்தான் தரும். யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டிவிடுகிறது, அதுவும் தெருவிலேயே புகையோடு. ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். லாட்ஜ் நடத்துகிறவரே செய்வதானால், சார்ஜிங் பாயிண்ட்டை ஜெனரேட்டர் இணைப்பில் சேர்க்காமல் ஈபி பக்கம் மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் போதும், எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை.